கிட் காரில் பிரேக், கிளட்ச் பெடலை மாற்றினால் என்ன ஆகும்? சின்ன வேலைக்குள் இருக்கும் பெரிய கணக்கு

மாருதி, ஹூண்டாய் என்று வழக்கமான காரை ஓட்டிப் பழகிய ஒருவர், இங்கிலாந்தில் வீட்டு கேரேஜில் அசெம்பிள் செய்யப்பட்ட ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி முதல் முறை பிரேக்கை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் கல் மாதிரி நிற்கும். கார் லேசாக வேகம் குறையுமே தவிர, எதிர்பார்த்தபடி 'சட்'டென்று பிடிக்காது. பிரேக் ஃபெயிலியர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அங்கே எதுவும் பழுதாகவில்லை. அந்தக் காரில் பிரேக் பூஸ்டரே கிடையாது. மிதிக்கும் காலின் பலம்தான் பிரேக்.

இப்படிப்பட்ட கார்களில் ஆட்கள் அடிக்கடி கைவைக்கும் இடம் பெடல் பாக்ஸ். அதாவது பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் அவற்றின் சிலிண்டர்களும் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும் சட்டம். பழைய காரின் பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேஸ் கார் பாணியில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர் போடுவது, கேபிள் கிளட்சை ஹைட்ராலிக் கிளட்சாக மாற்றுவது என்று இதில் பல வகை உண்டு. பார்க்க நாலு போல்ட் கழற்றி மாட்டும் வேலை மாதிரிதான் இருக்கும். உள்ளே எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று பார்க்கலாம்.

கிட் கார் என்றால் என்ன?

கிட் கார் என்பது முழுசாகத் தயாரான காராக ஷோரூமில் விற்கப்படுவது அல்ல. சட்டம், பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் பாகங்களாக வரும். வாங்கியவர் வீட்டிலேயே கோர்த்துக்கொள்ள வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் போடுவார்கள். அந்தப் பழைய காருக்கு 'டோனர்' என்று பெயர்.

இதற்குப் பேர் போன நாடு பிரிட்டன். 1957இல் காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த 'லோட்டஸ் செவன்' இந்தக் கலாச்சாரத்தின் மூலவர் என்று சொல்லலாம். முழு காராக வாங்கினால் அப்போது பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டும், கிட்டாக வாங்கினால் வேண்டாம். வரிச் சலுகை கிடைக்க, கிட்டோடு 'எப்படிக் கோர்ப்பது' என்ற கையேடு தரக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதனால் லோட்டஸ் 'எப்படிக் கழற்றுவது' என்று ஒரு கையேடு கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்ததாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973இல் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் வசம் போனது. அதே வடிவில் இன்றுவரை கார் வந்துகொண்டிருக்கிறது.

1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு செலவில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். ஃபோர்டு எஸ்கார்ட்டை டோனராக வைத்து, சதுர இரும்புக் குழாயை வெல்டு செய்து சட்டம் கட்டும் வழிமுறை அது. 'லோகாஸ்ட்' என்று ஒரு தனி வகையே அதிலிருந்து கிளம்பியது. எஸ்கார்ட்டுக்குப் பிறகு ஃபோர்டு சியரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று டோனர்கள் மாறின.

இங்கேதான் பெடல் பிரச்சினை ஆரம்பிக்கிறது. சியரா ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ள குடும்பக் கார். அதன் இன்ஜினை எடுத்து வைத்த கிட் கார் 550 முதல் 650 கிலோதான் வரும். நம்ம ஊர் பழைய மாருதி 800 அளவு எடை. அந்தப் பெரிய காருக்காக வடிவமைத்த பெடலும் பூஸ்டரும் சிலிண்டரும் இந்தச் சின்ன உடம்புக்கு அப்படியே பொருந்துமா?

பூஸ்டரை ஏன் கழற்றுகிறார்கள்?

முதல் காரணம் இடம். செவன் மாதிரி கார்களில் கால் வைக்கும் பகுதி ஒரு நீளமான பெட்டி மாதிரி இருக்கும். அகலம் அவ்வளவு குறைவு. அகலமான ஷூ போட்டால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்துவிடும் அபாயம் இருப்பதால், இந்தக் காருக்கென்றே ஒல்லியான ஷூ வைத்திருப்பவர்கள் உண்டு. இதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூஸ்டரை எங்கே வைப்பது?

இரண்டாவது, பூஸ்டர் வேலை செய்ய இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் வேண்டும். பைக் கார்புரேட்டர், தனித்தனி த்ராட்டில் பாடி என்று மாற்றிய இன்ஜினில் அந்த வெற்றிடம் சீராகக் கிடைக்காது. ஒரு முறை மிதித்தால் உதவி இருக்கும், அடுத்த முறை இருக்காது. இப்படி நம்ப முடியாத உதவியை வைத்துக்கொள்வதைவிட, அது இல்லாமலே இருப்பது நல்லது.

மூன்றாவது, எடை குறைவான காருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் 'தேவை இல்லை' என்று பூஸ்டரை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால்தான் வம்பு.

ஒரு சின்னக் கணக்கு

பெடல் என்பது ஒரு நெம்புகோல். கால் மிதிக்கும் இடத்துக்கும் அச்சுக்கும் 240 மில்லிமீட்டர் தூரம், அச்சுக்கும் சிலிண்டரைத் தள்ளும் கம்பிக்கும் 40 மில்லிமீட்டர் தூரம் என்றால் விகிதம் 6:1. காலில் 30 கிலோ அழுத்தினால் கம்பியில் 180 கிலோ கிடைக்கும். பூஸ்டர் உள்ள காரில் இந்த விகிதம் குறைவாக, பெரும்பாலும் 4:1க்கு அருகில் இருக்கும். மீதியை பூஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

இனி சிலிண்டர். டோனர் காரில் 22.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது என்று வைப்போம். அதன் பரப்பு 3.87 சதுர சென்டிமீட்டர். பூஸ்டர் போய்விட்டது, பெடல் பழைய 4:1. காலில் 30 கிலோ கொடுத்தால் 120 கிலோ. அதைப் பரப்பால் வகுத்தால், பிரேக் ஆயிலில் கிடைக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 31 கிலோ. பூஸ்டர் இருந்தபோது இதைப் போலச் சில மடங்கு கிடைத்திருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 'கல் மாதிரி' பெடல் இதுதான். ஓட்டுநர் 60 கிலோ மிதித்தால் நிற்கும். நெடுஞ்சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வரும்போது அந்த 60 கிலோ காலில் வருமா என்பது வேறு விஷயம்.

சரி, சிலிண்டரைச் சின்னதாக்கினால்? அழுத்தம் கூடும். ஆனால் சின்ன சிலிண்டர் ஒரு தள்ளுக்குக் குறைவான ஆயிலைத்தான் அனுப்பும். அதனால் பெடல் அதிக தூரம் உள்ளே போகும். பெரிய சிலிண்டர் என்றால் பெடல் கொஞ்சம்தான் நகரும், ஆனால் இறுகி நிற்கும். கால் பலமும் பெடல் ஓட்டமும் தராசின் இரண்டு தட்டு. ஒன்றை இறக்காமல் இன்னொன்றை ஏற்ற முடியாது. பெடல் மாற்றும் வேலையில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓடும் சண்டை இதுதான்.

இரண்டு சிலிண்டர் போட்டால் இரண்டு மடங்கு பிரேக்கா?

இல்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது.

சாதாரண காரில் இருப்பது 'டேண்டம்' சிலிண்டர். ஒரே குழலுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன். கால் கொடுக்கும் முழு பலமும் இரண்டு சர்க்யூட்டுக்கும் அப்படியே போகும். ரேஸ் பாணி பெடல் பாக்ஸில் இரண்டு தனி சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கு, மற்றது பின் சக்கரங்களுக்கு. நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, அதாவது பேலன்ஸ் பார். கால் கொடுக்கும் 180 கிலோ இந்தக் கம்பி வழியாகப் பிரிந்து, ஆளுக்கு 90 கிலோவாகத்தான் போகும்.

ஆகவே டேண்டமில் இருந்த அதே அளவு சிலிண்டரை இரண்டாக வாங்கி மாட்டினால் அழுத்தம் பாதியாகிவிடும். அதனால்தான் இரட்டை சிலிண்டர் போடுபவர்கள் சின்ன விட்டத்துக்கு இறங்குகிறார்கள். முன்பக்கம் 15.9 மில்லிமீட்டர் போட்டால் 90 கிலோவுக்குச் சுமார் 45 கிலோ அழுத்தம். பின்பக்கம் 17.8 மில்லிமீட்டர் போட்டால் சுமார் 36. முன்னால் அதிகம், பின்னால் குறைவு. இது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்வது.

ஏன் என்றால், பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்னால் சாயும். பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா, அதேதான். முன் சக்கரம் ரோட்டில் நன்றாக அழுந்தும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் நேராகச் சறுக்கும், ஸ்டீயரிங் கேட்காது. அதுவும் மோசம்தான், ஆனால் சமாளிக்கலாம். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் பம்பரமாகச் சுற்றும். பெரும்பாலான கிட் கார்களில் ஏபிஎஸ் கிடையாது என்பதால், இந்த வரிசையைக் காப்பாற்றுவது சிலிண்டர் விட்டமும் பேலன்ஸ் பாரும்தான்.

பேலன்ஸ் பாரின் நடுவில் ஒரு உருண்டை பேரிங் இருக்கும். அது பெடலில் உள்ள குழாய்க்குள் உட்காரும். திருகித் திருகி அதை ஒரு பக்கம் நகர்த்தினால், அந்தப் பக்கத்து சிலிண்டருக்கு அதிக பலம் போகும். ரேஸில் மழை பெய்தால் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதை மாற்றிக்கொள்வார். சாலையில் ஓடும் காருக்கு அந்த வசதி ஆபத்து. யாரோ விளையாட்டாகத் திருகிவிட்டால் முடிந்தது கதை. பிரிட்டனில் இப்படிக் கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவர 'ஐவிஏ' என்ற தனிச் சோதனை உண்டு. 1998இல் வந்த 'எஸ்விஏ' சோதனையின் இடத்தில் 2009இல் வந்தது இது. பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்பே லாக் ஆகக் கூடாது என்பதைச் சோதிப்பார்கள். பேலன்ஸ் பார் இருந்தால் அது அசையாதபடி நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு லாக் நட் போட்டு இறுக்கிவிட்டேன் என்றால் ஏற்க மாட்டார்கள்.

பேலன்ஸ் பாரில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒரு சர்க்யூட்டில் பைப் வெடித்து ஆயில் வெளியேறினால், அந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லாமல் போகும், கம்பி சாய்ந்துவிடும். ஓரளவு சாய்ந்ததும் அது தட்டி நின்று, மீதமுள்ள சர்க்யூட்டைத் தள்ள வேண்டும். இரண்டு சர்க்யூட் வைப்பதே அதற்காகத்தான். ஆனால் கம்பியின் இடைவெளியைத் தப்பாக வைத்திருந்தாலோ, பெடலுக்கு முன்னால் போதிய இடம் இல்லாவிட்டாலோ, அதற்குள் பெடல் தரையில் முட்டிவிடும். இருக்கும் நல்ல பிரேக்கும் வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். நிறுத்திய காரில் ஒரு பக்கத்து பிளீடர் நிப்பிளைத் திறந்துவிட்டு மிதித்துப் பார்க்க வேண்டும். தரையைத் தொடும் முன் மறுபக்கம் இறுகுகிறதா? இறுகினால் சரி. பிறகு அதே போல அடுத்த பக்கம். பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

கிளட்சை ஏன் கேபிளிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாற்றுகிறார்கள்?

சியரா போன்ற டோனர்களில் கிளட்ச் கேபிளால் இயங்கும். குடும்பக் காரில் அது நல்ல வளைவாக, சூடு படாமல் ஓடும். கிட் காரின் நெருக்கடியில் அதே கேபிள் எக்ஸாஸ்ட் பைப்பை உரசிக்கொண்டு போக நேரும். வெளியுறை உருகும், உள்ளே கம்பி இறுகும், ஒரு நாள் சிக்னலில் அறுந்துபோகும். ஹைட்ராலிக் பைப்பை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம்.

ஆனால் பெடலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கேபிள் இழுக்கும், ஹைட்ராலிக் தள்ளும். கேபிள் பெடலில் அச்சுக்கு மேலே ஒரு கை நீண்டிருக்கும். கால் கீழே முன்னால் தள்ளும்போது அந்தக் கை பின்னால் வந்து கேபிளை இழுக்கும். மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள வேண்டுமானால் கம்பியை அச்சுக்குக் கீழே கோர்க்க வேண்டும். அதாவது பழைய பெடலை வைத்தே மாற்றுவதென்றால் அதில் ஓட்டை போட வேண்டும், அல்லது புதிதாக ஒரு காதை வெல்டு செய்ய வேண்டும். கிளட்ச் பெடலில் வெல்டு விட்டால் நடுரோட்டில் கியர் மாற்ற முடியாமல் நிற்கலாம், அவ்வளவுதான். பிரேக் பெடலில் அதே வேலையை யாருக்கோ தெரிந்த பட்டறையில் கொடுத்துச் செய்து, அது விட்டால்? பிரேக் பெடலை அறுத்து ஒட்டுவதைவிட, முழுசாகச் செய்து வரும் பெடல் பாக்ஸை வாங்குவதே புத்திசாலித்தனம்.

கிளட்சிலும் சிலிண்டர் கணக்கு உண்டு. கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், அது 12 மில்லிமீட்டர் நகர்ந்தால் கிளட்ச் விடும் என்று ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். அதற்கு 4.6 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் ஆயில் தேவை. பெடல் விகிதம் 6:1. மாஸ்டர் சிலிண்டர் 19 மில்லிமீட்டர் என்றால் கால் 98 மில்லிமீட்டர் நகர வேண்டும். 17.8 என்றால் 112. மிதிக்க லேசாக இருக்குமே என்று 15.9 போட்டால் 140 மில்லிமீட்டர். அந்தக் குறுகலான பெட்டிக்குள் 140 மில்லிமீட்டர் கால் போக இடமே இருக்காது. பெடல் முழுசாக உள்ளே போயும் கிளட்ச் விடாது, கியர் 'கர்ர்' என்று கத்தும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பெரிய சிலிண்டர் போட்டால் பாதி மிதியிலேயே கிளட்ச் விட்டுவிடும். மீதி பாதியை மிதித்தால் கிளட்ச் ஸ்பிரிங் அளவுக்கு மீறி வளைந்து கெட்டுப்போகும். அதனால் பெடலுக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பர் போல்ட் வைப்பது அவசியம். ஐம்பது ரூபாய் போல்ட் காப்பாற்றுவது பல ஆயிரம் ரூபாய் கிளட்ச்.

ஸ்லேவ் சிலிண்டரை வெளியே வைப்பதா, கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே வைப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. உள்ளே வைத்தால் பார்க்க அழகு, நேராகத் தள்ளும், பாகங்கள் குறைவு. ஆனால் ஒரு சின்ன சீல் கசிந்தாலும் கியர்பாக்ஸை, சில கார்களில் இன்ஜினையே இறக்க வேண்டும். வெளியே இருப்பதை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இடம் இருக்கும்வரை வெளியே வைப்பதுதான் நல்லது.

ஒரு மில்லிமீட்டர் இல்லாததால் தானாகப் பிடிக்கும் பிரேக்

பெடல் மாற்றத்தில் மிக ஆபத்தான தவறு எதுவென்றால், பலரும் பைப் கசிவு என்பார்கள். கசிவு கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் கொல்லும் தவறு வேறு.

மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் ஓய்வில் இருக்கும்போது, அதற்குச் சற்று முன்னால் ஒரு நுண்ணிய துளை திறந்திருக்கும். பிரேக் ஆயில் சூடாகி விரிந்தால், கூடுதல் ஆயில் அந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்பிப் போகும். புதுப் பெடலைப் பொருத்தியவர், 'பெடல் லூசாக இருக்கக் கூடாது, தொட்டதும் பிடிக்க வேண்டும்' என்று தள்ளும் கம்பியைக் கொஞ்சம் நீளமாக்கி இறுக்கிவிடுகிறார். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து அந்தத் துளையை மூடிவிடுகிறது.

கேரேஜிலிருந்து கிளம்பும்போது எல்லாம் அருமையாக இருக்கும். பெடல் தொட்டதும் பிடிக்கும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஆயில் சூடாகும். விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை. அது பிரேக் பேடைத் தள்ளும். பேட் உரசும், இன்னும் சூடாகும், இன்னும் விரியும். கார் இழுக்காமல் திணறும். கடைசியில் யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றால் ஆறிப்போய்ச் சரியாகிவிடும். மெக்கானிக்கிடம் காட்டும்போது ஒன்றும் இருக்காது. பிரேக் பெடலில் கொஞ்சம் 'பிளே' இருக்க வேண்டும், தள்ளும் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பெடலை மேலே இழுத்துப் பிடிக்க ஒரு நல்ல ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் வேண்டும். பிரேக் லைட் சுவிட்ச் பெடலைத் தடுத்துக்கொண்டு நிற்பதாலும் இதே கோளாறு வரலாம்.

தகடு வளைந்தால் பெடல் பஞ்சு

30 கிலோ மிதி என்பது சாதாரண பிரேக்கிங். பதற்றத்தில் ஒருவர் அதைவிட மிக அதிகமாக மிதிப்பார். அந்தப் பலம் ஆறு மடங்காகி, பெடல் பாக்ஸ் பொருத்தியிருக்கும் முன் சுவரைத் தள்ளும். 80 கிலோ என்றால் அங்கே 480 கிலோ. வெறும் அலுமினியத் தகட்டில் நாலு போல்ட் அடித்து மாட்டியிருந்தால், தகடு பிதுங்கும். பிரேக்கில் 'ஏர்' இருக்கிறது என்று நினைத்து மறுபடி மறுபடி பிளீடிங் செய்வார்கள். பெடல் பஞ்சு மாதிரியேதான் இருக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் மூச்சு விடுவது தெரியும். இரும்புக் குழாய்ச் சட்டத்தோடு பெடல் பாக்ஸை நேரடியாகப் பிணைப்பதுதான் தீர்வு.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' என்ற மாணவர் போட்டி நடக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய சின்ன ரேஸ் கார்களோடு வருவார்கள். இவ்வகைப் போட்டிகளின் விதிப்படி, பிரேக் பெடலும் அதன் பிடிப்பும் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ மிதியைத் தாங்க வேண்டும். ஆய்வாளர் ஒருவரே சீட்டில் உட்கார்ந்து, தன் பலம் முழுவதையும் கொடுத்து மிதித்துப் பார்க்கலாம். பெடல் அளவுக்கு மீறி உள்ளே போனால் இன்ஜினை அணைத்துவிடும் ஒரு சுவிட்சும் கட்டாயம். நாலு சக்கரமும் லாக் ஆகிக் காட்டினால்தான் டிராக்கில் இறங்க அனுமதி. கல்லூரிப் பட்டறையில் பெடல் பாக்ஸ் கணக்குப் போட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் உண்டு.

கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நட்டு

பைப் மாட்டும்போது ஒரு கண்ணி வெடி இருக்கிறது. பிரிட்டிஷ் பாணி சிலிண்டர்களில் அங்குலக் கணக்கு மரை, அதாவது 3/8 அங்குல யுஎன்எஃப் மரை வரும். சியரா போன்ற கார்களின் காலிபரில் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. முதலாவதின் விட்டம் 9.5 மில்லிமீட்டர். மரை இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சின்னது பெரிய துளைக்குள் சுகமாகத் திரும்பிப் போய் உட்காரும், இறுகுவது போலவும் இருக்கும். முதல் அவசர பிரேக்கில் மரை பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு நட்டையும் வெர்னியரில் அளக்காமல் மாட்டக் கூடாது.

பிரேக் ஆயில் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்ததை ஊற்ற வேண்டாம். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது. பெயர் மட்டும் ஒன்றுபோல இருக்கும் டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான். பெயிண்ட் மேல் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிந்துவிடும்.

ஆயில் டப்பா சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காலிபரின் பிளீடர் நிப்பிள் மேல்நோக்கி இருக்க வேண்டும். இடது வலது காலிபரை மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது.

எல்லாம் முடிந்ததும், பெடலை நன்றாக அழுத்தி இரண்டு, மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது சிலிண்டர் உள்ளே சீல் போச்சு. ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்த்தால் ஒரு துளி ஈரம்கூடக் காட்டிக்கொடுக்கும். முதல் ஓட்டம் காலி இடத்தில், நடக்கும் வேகத்தில், கை ஹேண்ட்பிரேக்கில்.

இந்தியாவில் இப்படி மாற்றலாமா?

சாலையில் ஓடும் காரில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், விதிமீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்க்கப்பட்டது. பிரிட்டனின் ஐவிஏ போல, ஒருவர் வீட்டில் கட்டிய தனி காரைச் சோதித்து நம்பர் கொடுக்கும் எளிய வழி இங்கே கிடையாது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிகள் வேறு கணக்கு.

பெடலில் கைவைக்கச் சட்டமே இடம் தரும் இரண்டு இடங்கள் இங்கேயும் உண்டு. ஒன்று, எல்லோரும் பார்த்திருப்பது. டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக், கிளட்ச் பெடல். பயிற்சிப் பள்ளியின் வண்டிக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றப்படும் கார். கால் பெடலை மிதிக்க முடியாதவருக்குக் கையால் தள்ளும் பிரேக், ஆக்சிலேட்டர் லிவர்களைப் பொருத்தி, முறைப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அங்கேயும் லிவரின் மறுமுனை போய்த் தள்ளுவது அதே பிரேக் பெடலைத்தான். கைக்குக் காலைவிடப் பலம் குறைவு என்பதால், அந்த வண்டிகளில் பூஸ்டரைக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.